சொன்னதை எழுதட்டோ

தமிழில் எழுத்துக்கூட்டல் போட்டி நடத்துகிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். உச்சரிக்கிறபடியே எழுதுகிற மொழியில் இதற்கு என்ன போட்டி? பதில் பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே இருக்கும்.

"தமிள்ல என்ன அண்ணை போட்டி?" என்பார்கள்.

யாழ்ப்பாணத்தார் பேச்சில் ழகரம் எப்போதோ ளகரமாகிவிட்டது. மதுரைக்காரர்களிடமும் அப்படித்தான். சென்னையில் சிலர் அதை லகரமாக்கி முடித்துவிடுவார்கள். இவர்கள் எல்லோரையும் ஞாயிறு பின்னேரம் மெல்பேண் மல்கிரேவில் ஒரு சமூக மண்டபத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனையும் கொடுத்தால் போதும். சிரிப்பு தானாக வரும். நான் செய்ததெல்லாம் அது வரும் வழியில் நிற்காமல் இருந்ததுதான்.

பிள்ளைகளுக்கான போட்டிகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. அவற்றில் பிள்ளை மேடையில் நிற்கும், தாய் கீழே இருந்து அழுவாள். எங்களுடையது பெரியவர்களுக்கு மட்டும். நான் ஒரு சொல்லைச் சொல்வேன். பிறகு அந்தச் சொல் வருகிற ஒரு வசனம். எதையும் திருப்பிச் சொல்வதில்லை. எழுதிப் பலகையைத் தூக்கிக் காட்டவேண்டும். பிழை என்றால் போய்க் கதிரையில் இருக்கவேண்டும். கடைசியில் நிற்பவருக்கு ஒரு பலாப்பழம். தகரத்தில் அடைத்ததுதான்.

முதல் சொல் எப்போதும் நாட்டின் பெயர். இலங்கைக்காரர் அவுஸ்திரேலியா என்று எழுதுவார்கள், தமிழ்நாட்டுக்காரர் ஆஸ்திரேலியா என்று எழுதுவார்கள், பிழையாக எழுதுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருப்பார்கள். சிட்னியில் மேய்ஸ் ஹில் பக்கம் ஒருமுறை நடத்தியபோது ஒரு பல் வைத்தியர் 'அவுஸ்திரெலியா' என்று குறிலில் எழுதிக் காட்டினார். பின்வரிசையில் இருந்து ஒரு அன்ரி கத்தினார்.

"தம்பி, பேர் எழுதத் தெரியாத நாட்டிலை உமக்கு எப்பிடிச் சிற்றிசன்சிப் குடுத்தவங்கள்?"

"அதை இங்கிலீசிலை கேட்டவங்கள் அன்ரி."

அந்த மண்டபம் அடங்க வெகுநேரம் எடுத்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். என் தொழிலில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

தொழில் என்று சொன்னாலும், அது பல தொழில்கள் உதிர்ந்த பிறகு மிஞ்சியது. கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராகத் தொடங்கினேன். அச்சுப்படியைத் திருத்துகிற வேலை. எங்கள் அறையில் அதை இரண்டு பேராகச் செய்வோம். ஒருவர் எழுதிய மூலத்தை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டு போவார். வாசிப்பவர் ழ, ள, ல மூன்றையும் பிரித்துச் சொல்லாவிட்டால் அடுத்த நாள் பத்திரிகையில் அமைச்சர் விழா மேடையில் 'முழங்கினார்' என்பது 'முளங்கினார்' ஆகும். அங்கேதான் எனக்கு ழகரம் வந்தது. வீட்டில் நானும் பளம், வாளை, கிளமை என்றுதான் பேசினேன், இன்றைக்கும் அப்படித்தான். ழகரம் எனக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை மாதிரி. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவேன்.

மெல்பேணுக்கு வந்த பிறகு கடிதங்கள் பிரிக்கிற இடத்தில் நின்றேன். டாக்சி ஓடினேன். சமூக வானொலியில் செய்தி வாசித்தேன், அதற்குக் காசு இல்லை. மாதம் ஒருமுறை வருகிற இலவசப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்து நகைச்சுவை என்னுடையது. அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் மகளின் அரங்கேற்றத்துக்கு அறிவிப்பாளராகக் கூப்பிட்டார். அதிலிருந்து கலியாணங்கள், அறுபதாம் பிறந்தநாள்கள். ஒரு அறுபதாம் பிறந்தநாளில் கேக் வரத் தாமதமானபோது நேரம் போக்க விருந்தினரை எழுத்துப் பிழை விட வைத்தேன். போட்டி அப்படித் தொடங்கியது.

இவற்றுக்கு இடையில் சில வருடங்கள் தொலைபேசி மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். ஒருநாள் ஒரு மனிதர், தன் தகப்பன் "உளவு" செய்தவர் என்றார். மறுமுனையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் காத்திருந்தார். விசாரித்துத் தெளிவுபடுத்த அனுமதி கேட்டேன். "எந்த உளவு?" என்றேன். "வயல் உளவுதான் ஐயா, வேறை என்ன உளவு?" என்றார். நான் உழவு என்று மொழிபெயர்த்தேன். உளவு என்றே விட்டிருந்தால் அந்தத் தகப்பன் ஒற்றன் ஆகியிருப்பார். பிறகு அது ஒரு வசனமாக மாறியது. போட்டியில் 'உழவு' என்ற சொல்லுக்கு நான் சொல்வது: "எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உழவுதான் தொழில்." எந்தச் சொல்லைப் போட்டாலும் வசனம் பொருந்தும். தமிழ்நாட்டுக்காரர் கொஞ்சம் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் பிந்திச் சிரிப்பார்கள், சத்தமில்லாமல்.

இறுதிச் சுற்று எப்போதும் ழகரச் சுற்றுதான். அதற்கு இந்த மாதிரி வசனங்களைத்தான் வைத்திருப்பேன். "வெள்ளிக்கிழமைக் கறிக்கு வாழை வாங்கி வந்தேன்." வாழை என்றால் மரக்கறி, வாளை என்றால் மீன். வெள்ளியில் சைவ வீட்டுக்கு மச்சம் ஆகாது, கத்தோலிக்க வீட்டுக்கு மீன்தான், எதையும் கறி வைக்கலாம். "மனைவியின் விழிக்கு நடுங்காத கணவன் உலகத்தில் இல்லை." விழி என்றால் பார்வை, விளி என்றால் கூப்பிடுகிற குரல். இரண்டுக்கும் நடுங்கலாம். வசனத்தில் இருந்து ஒரு உதவியும் கிடைக்காது. என் நாக்கைத்தான் நம்பவேண்டும். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஒரு காலை தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்து நழுவியது. குனிந்து பொறுக்கப் போனபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதாக மனைவி சொன்னாள். அம்புலன்ஸ் வந்தது. சின்ன ஸ்ரோக் என்றார்கள். கெதியில் வீட்டுக்கு விட்டார்கள். முகம் நேரானது. கை திரும்பவும் கோப்பையைப் பிடித்தது. பார்க்க வந்தவர்கள் கேரம் டவுன்ஸ் கோயில் விபூதியுடன் வந்து, "தப்பிட்டியள்" என்றார்கள். சிட்னியில் இருக்கும் மகள் தொலைபேசியில் என்னைக் கொஞ்சம் பேசவிட்டுக் கேட்டாள். "டாட், யூ சவுண்ட் டோட்டலி ஃபைன்." அவள் கேட்டது சரி. வீட்டில் பேசுகிற எந்தச் சொல்லும் கெடவில்லை.

அடுத்த போட்டிக்காகச் சொற்களை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் ஏதோ இடறியது. பழைய பழக்கத்தில் தொலைபேசியில் பதிவு செய்து கேட்டேன். விளி, விளி. வாளை, வாளை. உளவு, உளவு. திரும்பவும் பதிவு செய்தேன். பிறகு குசினிக்குப் போய் மனைவியிடம் ஒரு தாளும் பேனையும் கொடுத்தேன்.

"நான் சொல்லுறதை எழுதும்."

"என்னப்பா இது, சோறு அடுப்பிலை."

"எழுதும்."

சொன்னேன். எழுதினாள். ழகரச் சொல், ளகரச் சொல் எல்லாவற்றுக்கும் ள போட்டிருந்தாள்.

"இரண்டும் ஒரே மாதிரியே கேக்குது?"

"ஒரே மாதிரித்தான் கேக்குது," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உண்மையைச் சொன்னா, எனக்கு முந்தியும் ஒரே மாதிரித்தான் கேட்டது."

இத்தனை வருடம் போட்டிகளில் முன்வரிசையில் இருந்து சிரித்தவள். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

வைத்தியசாலை என்னைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பியிருந்தது. இளம் பெண், நல்ல பொறுமை. ஆங்கிலச் சொற்கள் உள்ள அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பேச்சு நன்றாக இருக்கிறது என்றார். ஒரு எழுத்து மட்டும் வரவில்லை என்றேன். எந்த எழுத்து என்றார். அதைச் சொல்லிக் காட்டத்தானே முடியவில்லை. கையால் செய்து காட்டினேன். இடது உள்ளங்கையை அண்ணமாக மேலே வைத்து, வலது கையின் விரல்களை நாக்காக மடித்தேன். ளகரத்துக்கு நாக்கு அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அப்படியே மடிந்து, தொடப்போய், தொடாமல் நிற்கவேண்டும்.

அவர் என் கைகளைக் கவனமாகப் பார்த்தார். தொடுவது நாக்குக்கு இலகு, கிட்டப் போய் நிற்பதற்குத்தான் கூடிய கட்டுப்பாடு வேண்டும், நீங்கள் இழந்தது அந்தக் கடைசிக் கட்டுப்பாடாக இருக்கலாம் என்றார். அமெரிக்கர்கள் சொல்லும் 'ஆர்' ஒலியில் இருந்து தொடங்கிப் பார்ப்போம் என்றார். தொடங்கினோம். வாரக்கணக்கில் செய்தோம். ஒருநாள் 'வாழை' என்று ஏதோ வந்தது, தொப்பி போட்ட அமெரிக்க மாட்டுக்காரன் யாழ்ப்பாணத்துக்கு வந்து சொன்னது போல. அவர் கைதட்டினார். அவருக்கு அது எந்தச் சொல் என்று தெரியாது.

கடைசி நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"வசனத்தில் வரும்போது, கேட்பவருக்கு எந்தச் சொல் என்று விளங்கிவிடும் இல்லையா?"

ஓம் என்றேன். எல்லா வசனங்களிலும் விளங்கும். நான் எழுதினவற்றில் மட்டும் விளங்காது.

போட்டியை ஒழுங்குசெய்கிறவர் கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறையில் வேலை, நாற்பதைத் தாண்டாதவர். போஸ்டரில் என் முகத்தைச் சின்னதாகப் போடுங்கள் என்று நான் சொன்னால் பெரிதாகப் போடுகிற ரகம். இந்த முறை ஒத்திவைக்கலாமா என்று கேட்டேன்.

"அண்ணே, டிக்கெட் எல்லாம் போயிடுச்சு. உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சு ஜனங்க பார்க்கணும்னு வர்றாங்க. நீங்க வந்து நின்னா போதும்."

இந்த ஒரு வேலைதான் எனக்கு மிச்சம் இருந்தது. இலவசப் பத்திரிகை நின்றுவிட்டது. கலியாணங்களுக்கு இப்போது இளம் பெடியளை இரண்டு மொழியிலும் பேசக் கூப்பிடுகிறார்கள். ஒலிவாங்கி கையில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடை ஏறியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்சுற்றுகளில் ரகர றகரச் சொற்களாகவும் ணகர னகரச் சொற்களாகவும் கொடுத்தேன். அவை ஒழுங்காக வந்தன. கறுப்பு என்றேன், கரை என்றேன். ஆட்கள் பிழை விட்டு, ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டு கதிரைக்குப் போனார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு நான் பழைய ஆள்தான்.

கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் திருச்சியில் இருந்து வந்த இளம் பொறியியலாளர். மற்றவர் டண்டினோங்கில் வரிக்கணக்குச் செய்யும் பெண், யாழ்ப்பாணம், ஐம்பதைக் கடந்தவர். என் போட்டிகளில் அதிகம் வென்றவர் அவர்தான். வீட்டில் தகரப் பலாப்பழங்கள் அடுக்கி வைத்திருப்பதாகச் சொல்வார். நான் சொல் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"ழகரம்! ழகரம்!" என்று பின்வரிசை தாளம் போட்டது. அவர்கள் சொன்னதும் ளகரம்தான்.

"வாழை," என்றேன். "வெள்ளிக்கிழமைக் கறிக்கு வாழை வாங்கி வந்தேன்."

இரண்டு பலகைகளும் எழுந்தன. இரண்டிலும் வாளை.

"வெள்ளிக்கிழமை மச்சமோ!" என்று யாரோ கத்த, மண்டபம் வெடித்தது.

என் கையில் இருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினேன். வாழை. சிரிப்பு இன்னும் கூடியது. அண்ணை ஏமாத்திப்போட்டார் என்றார்கள். இரண்டு பேரையும் விழுத்த வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன் என்று நினைத்தார்கள். பொறியியலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "முடியல சார்!"

இந்தச் சொல்லைக் கணக்கில் எடுக்கவில்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என்னுடைய முகம் அப்போது எப்படி இருந்தது என்று தெரியாது. அதுவும் நடிப்பு என்று நினைத்திருப்பார்கள். வருடக்கணக்காக அவர்களைச் சிரிக்கப் பழக்கியவன் நான்தான். நான் மேடையில் விழுந்து கிடந்தாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும்.

தண்ணீர் குடித்தேன். நாக்கை மடித்துப் பார்த்தேன். பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லித் தந்தபடி மூச்சை விட்டேன்.

"விழி," என்றேன்.

என் காதுக்கே விளி என்று கேட்டது.

"மனைவியின் விழிக்கு நடுங்காத கணவன் உலகத்தில் இல்லை."

என் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பொறியியலாளர் எழுதத் தொடங்கினார். கணக்காளர் எழுதவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேனையின் மூடியைத் திரும்பவும் மூடினார்.

"அண்ணை, ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"நீங்கள் சொன்னதை எழுதட்டோ, சொல்ல நினைச்சதை எழுதட்டோ?"

அன்றைய பின்னேரத்தின் பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஆட்கள் கதிரையில் தட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. நக்கலாகவும் கேட்கவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் ஒரு கணக்காளர் கேட்பது போல, விடை தெரிந்துதான் எழுதவேண்டும் என்பதற்காகக் கேட்டார். அந்த மண்டபத்தில் என் நாக்கை உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். என்னை அவரிடம் இருந்துதான் மறைத்திருக்கவேண்டும்.

"சொன்னதை எழுதுங்கோ," என்றேன்.

மூடியைத் திறந்து எழுதினார். இரண்டு பலகைகளும் எழுந்தன. விளி, விளி.

அட்டையில் விழி என்று இருந்தது. நானே எழுதியது. அதைத் திருப்பிக் காட்டாமல் சட்டைப் பையில் வைத்தேன். "சரி," என்றேன். "இரண்டு பேரும் சரி." பலாப்பழத்தைப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். கைதட்டினார்கள். ஒப்புநோக்குநராக இருந்த காலம் முழுக்க மூலத்தை வைத்து அச்சைத் திருத்தியவன், அன்று அச்சில் வந்த பிழையை வைத்து மூலத்தைத் திருத்தினேன்.

கார் நிறுத்துமிடத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஓடிவந்தார்.

"அண்ணே, அந்த வாழை மேட்டர், செம! அதை ஒவ்வொரு தடவையும் வச்சுக்கலாம்ணே."

"அது பகிடி இல்லை," என்றேன். "எனக்கு அந்த எழுத்து போய்விட்டது."

முதலில் சிரித்தார். பிறகு நிறுத்தினார். என் தோளைப் பிடித்தார். நல்ல மனிதர். அதனால்தான் வழியும் உடனே கண்டுபிடித்தார்.

"இதுக்கா கவலைப்படறீங்க? கம்ப்யூட்டர் வாய்ஸ் இருக்குண்ணே. ழ எல்லாம் பெர்ஃபெக்டா வரும். வார்த்தைய அது சொல்லட்டும், நீங்க பக்கத்துல நின்னு காமெடி பண்ணுங்க."

"வசனத்திலையும் அந்தச் சொல் வருமே."

"அப்ப வாக்கியத்தையும் அதுவே சொல்லட்டும்ணே. எழுதறது நீங்கதான."

மனைவி காருக்குள் இருந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, "நீங்கள் வேணுமெண்டுதான் சொன்னியள் எண்டு நானும் நினைச்சன்," என்றாள்.

அடுத்த போட்டிக்கு வசனங்களை எழுதிக் கொடுத்தேன். புதிதாக ஒன்றும் வரவில்லை, பழையவற்றையே கொடுத்தேன். பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டு மனைவியோடு நடுவரிசையில் உட்கார்ந்தேன். தொகுத்து வழங்கியவர் கோயம்புத்தூர்க்காரர். ஆளுக்கு ஒலிவாங்கி பிடிக்கத் தெரியும், அதைக் குறை சொல்ல முடியாது.

குரல் ஒரு பெண்ணுடையது. எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாத தமிழ். நான் குறை தேடிக்கொண்டிருந்தேன், அது என் பழைய தொழில். கிடைக்கவில்லை. முன்சுற்றுகளிலேயே கணக்காளர் வெளியேறிவிட்டார். பழுப்பு என்ற சொல்லுக்கு, அந்தக் குரல் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், பளுப்பு என்று எழுதிக் காட்டினார். ஆட்கள் நம்பமுடியாமல் ஓவென்று கத்தினார்கள். அவர் நேரே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுக் கதிரையில் உட்கார்ந்தார்.

இறுதிச் சுற்று வந்தது.

"விழி," என்றது அந்தக் குரல். நாக்கு இல்லாத ஒன்று, தொடப்போய், தொடாமல் நின்றது. "மனைவியின் விழிக்கு நடுங்காத கணவன் உலகத்தில் இல்லை."

சிரித்தார்கள். என்னுடைய வாயில் இருந்து வந்தபோது எந்த இடத்தில் சிரித்தார்களோ அதே இடத்தில். சிரிப்பில் வசனத்தின் கடைசி அமுங்கிப்போனதால் திரும்பப் போடுங்கோ என்று கத்தினார்கள். நான் ஒருபோதும் திருப்பிச் சொன்னதில்லை. அது திருப்பிச் சொன்னது, முதலில் சொன்னபடியே, ஒரு மயிரிழையும் மாறாமல். திரும்பவும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள், பிறகு என் பக்கம் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

கணக்காளர் என் பக்கம் சரிந்தார்.

"அண்ணை, உது உங்கடை வசனமெல்லே?"

"ஓம்," என்றேன். "பழசு."

அது வீட்டுச் சொல். எல்லோரும் சொல்கிறபடி பளசு என்றுதான் நானும் சொன்னேன். அதில் அவருக்குக்கூட ஒரு வித்தியாசமும் கேட்டிருக்காது.